கிட்டார் பெடலும் லயன் சுவரும்

மின்சாரக் கிட்டார் ஒன்றைக் கையில் எடுத்த இளைஞர்கள் இரண்டு மூன்று மாதங்களில் ஒரு கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். ஒலியை மாற்றும் பெடல்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்ப்பதா, அல்லது எல்லாம் ஒன்றாக அடங்கிய மல்டி எபெக்ட்ஸ் பெட்டியொன்றை வாங்கிவிடுவதா? பதுளை, ஹாலிஎல, பசறை, பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகள் இதனை என்னிடம் கேட்கும்போதெல்லாம் நான் ஒரு மறுகேள்வியையே முதலில் கேட்பதுண்டு: "தம்பி, நீங்கள் எங்கே இருந்து வாசிக்கிறீர்கள்?" பெரும்பாலானோர் இந்தக் கேள்வியை எதிர்பார்ப்பதில்லை. ஆயினும் விடை முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

விடயம் தெரியாத வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். மின்சாரக் கிட்டாரிலிருந்து வெளிவரும் மின் சைகை, வயர் வழியாக அம்ப் எனப்படும் ஒலிபெருக்கியைச் சென்றடைவதற்கு முன், அதன் தன்மையை மாற்றும் சிறிய கருவியே பெடல். காலால் மிதித்து இயக்குவதால் இந்தப் பெயர். டிஸ்டோர்ஷன் ஒலியைக் கரகரப்பாக்கும். டிலே எதிரொலியை உண்டாக்கும். கோரஸ் ஒரு கிட்டாரைப் பல கிட்டார்கள் போலக் கேட்கச் செய்யும். ரிவேர்ப் பெரிய மண்டபமொன்றினுள் வாசிப்பது போன்ற உணர்வைத் தரும். இவை ஒவ்வொன்றும் தனித்தனிப் பெட்டியாகக் கிடைக்கும். இவை அனைத்தையும் கணினிச் சில்லு ஒன்றின் துணையோடு ஒரே பெட்டிக்குள் தருவதே மல்டி எபெக்ட்ஸ். வாத்தியத்தின் இயல்பான குரலைச் சூழலுக்கேற்ப மாற்றிக்கொள்வது நமக்குப் புதிதன்று. தோட்டத்தில் தப்படிப்பவர் நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சிய பின்னரே அடிக்கத் தொடங்குகிறார். அவருக்கு நெருப்பு எதுவோ, கிட்டார்காரருக்குப் பெடல் அது.

இந்தக் கருவிகளின் கதையே ஒரு பழுதில் தொடங்கியது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், மார்ட்டி ரொபின்ஸ் என்ற பாடகரின் ஒலிப்பதிவு ஒன்றின்போது கலவைக் கருவியின் ஒரு பகுதி கெட்டுப்போய், கிட்டாரின் ஒலி கிழிந்தாற்போல் பதிவானது. பாடல் 1961 இல் வெளிவந்தபோது அந்தக் கிழிந்த ஒலியே பலரையும் கவர்ந்தது. அதே ஒலியை வேண்டியபோது வரவழைக்கவென மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெடல் 1962 இல் சந்தைக்கு வந்தது. முதலில் அதனைச் சீண்டுவாரில்லை. 1965 இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் ஒரு பாடலில் அதனைப் பயன்படுத்திய பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் தன் பொஸ் வணிகப் பெயரில் 1977 முதல் உள்ளங்கையளவுப் பெடல்களை வெளியிட்டது. 1978 இல் வந்த டிஎஸ்-1 என்ற செம்மஞ்சள் நிறப் பெடல் இன்றும் விற்பனையாகிறது. அதே நிறுவனம் 1988 இல் எம்ஈ-5 என்ற மல்டி எபெக்ட்ஸ் கருவியையும் கொண்டுவந்தது. ஆக, இந்த இரு கட்சி விவாதத்துக்கு ஏறத்தாழ நாற்பது வயதாகிறது.

தனிப் பெடல் கட்சியின் வாதங்களை நான் எளிதாக ஒதுக்க விரும்பவில்லை. தனிப் பெடலில் மூன்று திருகுகள் இருக்கும். திருப்பினால் என்ன நடக்கிறது என்பதைக் காது உடனே அறிந்துகொள்ளும். கற்பவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. இரண்டாவதாக, அது நீண்ட காலம் உழைக்கும்; வேண்டாமென்றால் பெரிய நட்டமின்றி விற்றுவிடலாம். மூன்றாவதாக, மல்டி எபெக்ட்ஸ் பெட்டியில் நூறு ஒலிகள் இருந்தால், கற்பவர் வாசிப்பதை விட்டுவிட்டு அந்த நூறையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருப்பார். இவை மூன்றும் உண்மையே.

ஆனால் இந்த வாதங்கள் சொல்லாமல் எடுத்துக்கொள்ளும் சில விடயங்கள் உண்டு. வாசிப்பவருக்குத் தனி அறை இருக்கிறது. அந்த அறையில் நல்ல அம்ப் இருக்கிறது. பெடலைத் தொட்டுப் பார்த்து வாங்க, பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ள அருகில் கடை இருக்கிறது. இலண்டனிலோ, சென்னையிலோ, கொழும்பின் வசதியான பகுதியொன்றிலோ இவை பொருந்தலாம். மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும் லுணுகலையிலும் உள்ள தோட்டத்து இளைஞருக்கு இவற்றில் எது பொருந்துகிறது?

லயன் காம்பராவை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவில், பிரித்தானியர் காலத்தில் வரிசையாகக் கட்டப்பட்ட அறைகள். ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டின் சுவர். பல லயங்களில் முதுகோடு முதுகாக இன்னொரு வரிசையும் உண்டு. இரவு எட்டரை மணிக்கு அந்த இளைஞர் அம்பைப் போட்டு டிஸ்டோர்ஷனை மிதித்தால், நாலு வீட்டுப் பிள்ளைகளின் படிப்பும், மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக்குப் போக வேண்டிய தாய்மாரின் உறக்கமும் கெடும். டிஸ்டோர்ஷன் பெடலைத் தாழ்ந்த ஒலியிலும் வாசிக்கலாமே என்பார்கள். அந்தத் தாழ்ந்த ஒலியும் பலகைத் தடுப்பையும் தகரக் கூரையையும் கடந்துவிடும். எனவே அந்தப் பிள்ளை வாசிக்காமல் இருப்பார், அல்லது வாசித்துத் திட்டு வாங்குவார். இரண்டிலும் இசை வளராது.

இங்கேதான் மல்டி எபெக்ட்ஸ் பெட்டியின் உண்மையான பயன் தெரிகிறது. அதன் பக்கத்தில் இருக்கும் சின்னஞ்சிறு ஹெட்போன் துவாரத்தைத்தான் சொல்கிறேன். கடைக்காரர் அறுபது எபெக்ட்ஸ், நூறு எபெக்ட்ஸ் என்று எண்ணிக்கையைச் சொல்லி விற்பார். மலையகத்து இளைஞருக்கு அந்த அறுபதையும் விட அந்த ஒரு துவாரம் பெறுமதி கூடியது. அம்பின் ஒலித்தன்மையைப் பெட்டியே போலச் செய்து காதுக்குள் தருகிறது. அடுத்த காம்பராவுக்குக் கம்பி தட்டும் மெல்லிய சத்தம் மட்டுமே கேட்கும். தனி டிஸ்டோர்ஷன் பெடலுக்கு இந்த வசதி இல்லை. சாதாரண ஹெட்போனை அதில் செருகினால், கேட்கும்படியான ஒலி கிடைக்காது.

இரண்டாவது காரணம் மேடை சார்ந்தது. நமது இளைஞர்கள் முதன்முதலில் பொதுவெளியில் வாசிப்பது எங்கே? கோயில் திருவிழாவில், தேவாலயத்தில், பாடசாலை விழாவில், கல்யாண வீட்டில். அங்கே ஒலிபெருக்கி வாடகைக்குக் கொண்டுவருபவரிடம் மிக்சரும் பெரிய ஸ்பீக்கர்களும் மைக்குகளும் இருக்கும். கிட்டாருக்கென்று தனி அம்ப் பெரும்பாலும் இராது. தனி டிஸ்டோர்ஷன் பெடலை நேரே மிக்சரில் செருகிப் பாருங்கள். போத்தலுக்குள் குளவி அகப்பட்டது போல ஒரு சத்தம் வரும். கிட்டார் அம்பின் ஸ்பீக்கர், கூரிய மேல் ஒலிகளைத் தானாகவே மழுக்கிவிடுகிறது. கரகரப்பு காதுக்கு இதமாக இருப்பதற்கு அந்த மழுங்கலே காரணம். மிக்சர் வழியே போகும்போது அது நடப்பதில்லை. மல்டி எபெக்ட்ஸ் பெட்டி, அம்பையும் அதன் ஸ்பீக்கர் பெட்டியையும் சேர்த்தே போலச் செய்வதால், நேரே மிக்சருக்குப் போனாலும் கிட்டார் கிட்டாராகவே கேட்கிறது. "பொடியன் நல்லா வாசிக்கிறான், ஆனால் சத்தம்தான் சரியில்லை" என்று ஊரார் சொல்வதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம்.

மூன்றாவது காரணம் பணம். உலகச் சந்தையில் பொஸ் டிஎஸ்-1 போன்ற ஒரு பெடலின் விலை 60 அமெரிக்க டொலருக்குச் சற்று மேல். டொலருக்கு 300 ரூபா என்று கணக்கிட்டால், கப்பற்கூலியும் வரியும் வியாபாரியின் இலாபமும் சேராமலே 18,000 ரூபாவைத் தாண்டுகிறது. பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவானது. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் வரவுக் கொடுப்பனவையும் சேர்த்து அதனை 1,750 ரூபாவாக்க முன்மொழிந்தது. அந்த 1,750 ரூபாவையே எடுத்துக்கொண்டாலும், ஒரேயொரு பெடலுக்கு ஒரு தாய் பத்து நாளுக்கு மேல் முழுப்பேருக்குக் கொழுந்தெடுக்க வேண்டும். கொழுந்து குறைந்து அரைப்பேர் போடப்படும் நாட்கள் இந்தக் கணக்கில் இல்லை. ஒரு பெடலோடு முடிகிற காரியமுமன்று. டிலே ஒன்று, டியூனர் ஒன்று, இவற்றை இணைக்கும் குட்டை வயர்கள், எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் அடப்டர் என்று பட்டியல் நீளும். சீனாவில் தயாராகும் மலிவான பெடல்கள் பாதி விலைக்குக் கிடைப்பது உண்மைதான்; மூன்று வாங்கும்போது அந்தப் பாதியும் முழுவதாகிவிடும். ஸூம் நிறுவனத்தின் ஜி1 ஃபோர் போன்ற தொடக்கநிலைப் பெட்டியொன்று, அந்த ஒரு பொஸ் பெடலைவிடச் சற்றே கூடிய விலையில், அறுபதுக்கு மேற்பட்ட எபெக்ட்ஸ், டியூனர், தாளக் கருவி, வாசித்ததைச் சுழற்றித் திரும்பக் கேட்பிக்கும் லூப்பர் ஆகியவற்றை ஒன்றாகத் தருகிறது.

தாளத்தையும் லூப்பரையும் நான் சும்மா சொல்லவில்லை. தோட்டத்தில் தனியாகக் கற்கும் ஒருவருக்குக் கூட வாசிக்க ஆளில்லை. தாளம் தவறினால் திருத்தவும் ஆளில்லை. நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ.மனோகரனும் இந்நாட்டுத் தமிழ்ப் பொப்பிசையை வீடு வீடாகக் கொண்டுபோனபோது, கேட்டவர்களை ஆட வைத்தது தாளம் பிசகாத மீட்டல்தான். பைலாவின் துள்ளலுக்கும் அதுவே அடிப்படை. பெட்டி தரும் தாளத்தோடு நாளுக்கு அரைமணி நேரம் வாசிக்கும் பிள்ளைக்கு ஆறு மாதத்தில் கைவரும் ஒழுங்கு, விலையுயர்ந்த எந்த டிஸ்டோர்ஷனாலும் கிடைக்காது.

மின்சாரத்தையும் மறக்கலாகாது. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது அந்த நிலை இல்லையாயினும், காற்றோடு மழை வந்தால் தோட்டங்களில் மின்சாரம் போவது வழக்கமே. டோர்ச் லைட்டில் போடும் சாதாரணப் பற்றரிகளிலும் இயங்கும் பெட்டியைத் தேர்ந்தெடுத்தால், விளக்கில்லாத இரவிலும் ஹெட்போனோடு பயிற்சி நடக்கும்.

இனி மறுபக்கம். மல்டி எபெக்ட்ஸ் பெட்டிக்கு எதிராக நான் மதிக்கும் வாதம் ஒன்றுண்டு. அது பழுதுபார்ப்பு பற்றியது. தனிப் பெடலின் உள்ளே இருப்பவை சில தடைகள், கொள்ளளவிகள், ஓரிரு சிறு சில்லுகள். வானொலிப் பெட்டி திருத்திப் பழகிய ஒருவர், பற்றாசுக் கோலை வைத்துக்கொண்டு பல பழுதுகளைச் சரிசெய்துவிடுவார். மல்டி எபெக்ட்ஸின் தாய்ப்பலகை எரிந்துவிட்டால், பதுளையில் மட்டுமன்று, கொழும்பிலும் அதனைத் திருத்துவது கடினம். புதிதாக வாங்குவதற்கான செலவே வந்துவிடும். ஆதலால் பெட்டியை வாங்குபவர் அதனைக் காக்கவும் தெரிந்திருக்க வேண்டும். பெட்டிக்குரிய அடப்டரையே பயன்படுத்துங்கள். பெடல்களுக்குரிய ஒன்பது வோல்ட் அடப்டர்களில் முனையின் நடுப்பகுதி பெரும்பாலும் மறை முனையாக இருக்கும். வேறு பல வீட்டுச் சாதனங்களில் அது நேர் முனை. வீட்டிலிருக்கும் ஏதோவோர் அடப்டர் பொருந்துகிறதே என்று செருகினால், ஒரு நொடியில் பெட்டி கரியாகலாம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் ஊவா மலைகளில் மாலை வேளைகளில் இடிமின்னல் அதிகம். அப்போது அடப்டரைச் சுவரிலிருந்தே கழற்றி வையுங்கள். பனியும் ஈரமும் சுவிட்சுகளைக் கெடுக்கும். வாசித்து முடிந்ததும் துணியில் சுற்றி, உலர்ந்த இடத்தில் வைப்பது நல்லது.

மற்றொரு குற்றச்சாட்டு, நூறு ஒலிகளில் பிள்ளை தொலைந்துபோவார் என்பது. அதற்கு மருந்து பெட்டியை வாங்காமல் விடுவதன்று, கட்டுப்பாடு. நான் சொல்லும் முறை இது: முதல் ஆறு மாதங்களுக்கு மூன்றே மூன்று ஒலிகளை அமைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, எந்த எபெக்ட்டும் இல்லாத சுத்தமான ஒலி; சிறிதளவு ரிவேர்ப் இருக்கலாம். இரண்டு, மென்மையான ஓவர்டிரைவ். மூன்று, தனி வாசிப்புக்கு, சற்றுக் கடுமையான டிஸ்டோர்ஷனோடு கொஞ்சம் டிலே. கம்பனி நிரப்பி அனுப்பிய பகட்டான ஒலிகளை மறந்துவிடுங்கள். இந்த மூன்றையும் நீங்களே ஒவ்வொரு திருகாகக் கூட்டிக் குறைத்து அமைத்தால், தனிப் பெடல் கற்பிக்கும் அதே பாடத்தைப் பெட்டியும் கற்பிக்கும். பயிற்சி நேரத்தில் முக்கால் பங்கு முதலாவது ஒலியிலேயே நடக்கட்டும். டிஸ்டோர்ஷன் விரலின் தவறுகளை மறைக்கும். சுத்தமான ஒலி ஒன்றையும் மறைக்காது.

எல்லோருக்கும் இந்த அறிவுரை பொருந்தாது. உங்களிடம் இருப்பது மரக் கிட்டார் என்றால், உள்ளே பிக்அப் பொருத்தப்படாதது என்றால், பெடலும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். சுருதி சேர்க்க ஒரு கிளிப் டியூனரும் மாற்றுக் கம்பிகள் ஒரு தொகுதியும் போதும். தேவாலயத்திலோ பாடசாலையிலோ நல்ல அம்ப் ஒன்று இருந்து, பயிற்சியும் அங்கேயே நடக்குமானால், ஓர் ஓவர்டிரைவ் பெடல் மட்டும் வாங்குவதே சிறந்தது. பழைய பொருளாக வாங்குபவர்கள், பெட்டியின் எல்லாச் சுவிட்சுகளையும் மிதித்து, எல்லாத் திருகுகளையும் திருப்பி, ஹெட்போனில் இரு காதிலும் கேட்கிறதா என்று பார்த்த பின்னரே பணத்தைக் கொடுங்கள். பஸ்ஸில் நாள் முழுக்கப் பயணம் செய்து கொழும்பில் வாங்கிவந்த பொருளை மாற்றிக்கொள்ள இன்னொரு நாளும் இன்னொரு பஸ் செலவும் வேண்டும்.

இத்தனையும் ஒரு பொருளை வாங்குவது பற்றிய யோசனைதானே, இதற்கு இவ்வளவு எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். வேண்டும் என்றே நினைக்கிறேன். 2022 இல் டொலரின் பெறுமதி இருநூறு ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் முந்நூற்றறுபதைத் தொட்டபோது, சேர்த்து வைத்திருந்த பணம் கையிலேயே கரைந்துபோன இளைஞர்களை நான் அறிவேன். தோட்டத்துப் பிள்ளைக்கு இத்தகைய வாய்ப்பு அடிக்கடி வருவதில்லை. தவறான பொருளை வாங்கினால் அது கட்டிலுக்கடியில் போய்விடும். அதனோடு சேர்ந்து கிட்டாரும் போய்விடும். பிறகு அவர் கொழும்பில் ஏதாவது கடையில் வேலைக்குச் செல்வார். "நானும் ஒரு காலத்தில் கிட்டார் வாசித்தேன்" என்று சொல்லும் நடுவயதினர் நம் மலைகளில் நிறையவே இருக்கிறார்கள்.

இதில் தனிநபரின் பணப்பையையும் தாண்டிய பொறுப்பு ஒன்றுண்டு. ஹெட்போனை வைத்துக்கொண்டு தனியே கற்கலாம். இசைக்குழு அமைக்க முடியாது. நாலு பேர் சேர்ந்து சத்தமாக வாசிக்க ஓர் இடம் வேண்டும். பல தோட்டங்களில் சனசமூக நிலையங்களும் வாசிகசாலைகளும் கட்டப்பட்டுள்ளன; அவற்றில் எத்தனையின் கதவுகள் மாலையில் திறந்திருக்கின்றன? கூட்டம் நடத்தவும் தேர்தல் காலத்தில் நாற்காலி அடுக்கவும் திறக்கப்படும் கதவு, சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் இளைஞர்களுக்காகத் திறக்கப்படலாகாதா? பணம் படைத்தோரைக் கேட்கவில்லை. சாவியை வைத்திருப்போரைத்தான் கேட்கிறேன். தோட்டத்துக்கு ஓர் அம்ப் என்று இளைஞர்களே சீட்டுப் போட்டு வாங்கிக்கொள்வார்கள். காமன் கூத்துக்கும் பஜனைக்கும் ஊரே வரி போட்டுச் செலவு செய்த மரபு நம்முடையது. அந்த மரபில் கிட்டாருக்கும் ஓரிடம் உண்டு என்பதே என் கட்சி.

ஆகவே என் விடை தெளிவானது. லயத்தில் இருந்து வாசிக்கும் தொடக்கநிலையாளர் முதலில் வாங்க வேண்டியது, ஹெட்போன் வசதியும் பற்றரி வசதியும் உள்ள சிறிய மல்டி எபெக்ட்ஸ் பெட்டியே. தனிப் பெடலின் காலம் பிறகு வரும். ஓராண்டோ ஈராண்டோ வாசித்த பின், அந்தப் பெட்டியிலுள்ள ஏதோவோர் ஒலி போதாது என்று உங்கள் காதே குறை சொல்லத் தொடங்கும். எந்த ஒலி, எந்த வகையில் போதாது என்று வாயால் சொல்லக்கூடிய நிலை வந்ததும், அந்த ஒன்றுக்கான தனிப் பெடலை வாங்குங்கள். அதுவரை, பெட்டியின் முன்னே மூன்று ஒலிகள், காதில் ஹெட்போன், நாளுக்கு அரைமணி நேரம். அடுத்த காம்பராவில் இருப்பவர்கள் நிம்மதியாக உறங்கட்டும். அவர்கள் உங்களைக் கேட்க வேண்டிய இடம் திருவிழா மேடை.